பிரேக் மாஸ்டரின் கல்லீரல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபத்து நான்கு வருடங்களாக வலது காலை வைத்துக்கொண்டு பிழைப்பவரை எங்கள் பக்கத்தில் பிரேக் மாஸ்டர் என்று சொல்வோம். வயது ஐம்பத்திரண்டு. பேருந்தில் பயணியாகப் போனாலும் ஓட்டுநர் வேகமெடுத்தால் அவருடைய கால் தரையை அழுத்தும். தூக்கத்திலும் அழுத்துவார் போலிருக்கிறது, போர்வைகள் எல்லாம் கால்மாட்டில்தான் முதலில் கிழிகின்றன என்று அவர் மனைவி சொல்வார்.

நல்ல ஆசிரியர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஒரே விஷயத்தை நான்கு தடவை சொல்வார், நான்கு தடவையும் வேறு மாதிரி. கிளட்சை எப்போது விட வேண்டும் என்று கேட்டால், "வண்டி கேட்கும்போது விடுங்க" என்பார். வண்டி எப்போது கேட்கும் என்பதை இதுவரை எவருக்கும் விளக்கியதில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் மரத்தில் மோதியதாகத் தகவல் எதுவும் இல்லை. அந்தத் தொழிலில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

அவருக்கு முப்பது வயதிலிருந்து சொரியாசிஸ். முழங்கைகளிலும் முழங்கால்களிலும் சிவந்த திட்டுகள், அவற்றின் மேல் வெள்ளிச் செதில்கள், தலையில் பொடுகைவிடப் பிடிவாதமான ஒன்று. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். காரின் இருக்கையோ கறுப்பு. ஒரு மணி நேர வகுப்பு முடிந்து அவர் இறங்கினால், மெல்லிய பனி பெய்ததுபோல் இருக்கை வெளுத்திருக்கும். அதற்கென்று ஒரு சின்னத் தூரிகையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கண்ணில் பட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்வார். வங்கி ஊழியரிடம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்ததாகச் சொன்னார். பள்ளி ஆசிரியை ஒருவரிடம், "நானும் கரும்பலகையில எழுதறவன்தானே" என்றார். எந்தக் கதையை யாரிடம் சொன்னோம் என்ற குழப்பம் வராதிருக்க, ஒருவரிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார்.

கதையெல்லாம் செல்லுபடியாகாத ஒருவர் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ். முதல் நாளே, வண்டி ஓரமாக நின்றிருந்தபோது, அவருடைய சட்டைக்கையை இரண்டு விரலால் மேலே தள்ளிப் பார்த்தார்.

"சொரியாசிஸா சார்?"

நின்றிருந்த வண்டிக்கே மாஸ்டர் பிரேக் போட்டார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"நீங்க கண்ணாடியைச் சரி பண்ணுங்க. பின்னாடி வர்றது தெரியணும்."

"எனக்கு நல்லாவே தெரியுது. எங்க ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு தோல் டாக்டர் வந்திருக்காங்க. போய்ப் பாருங்க. இல்லேன்னா நான் கிளட்சை விடவே மாட்டேன்."

போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண், பேச்சு வேகம். இது யாரிடமிருந்தும் ஒட்டியதல்ல, யாருக்கும் ஒட்டாது என்று முதல் நிமிடத்திலேயே சொன்னார். இருபத்திரண்டு வருடங்களாகத் தனித் துண்டு, தனிச் சீப்பு, தனிச் சோப்பு என்று வாழ்ந்தவருக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை சோப்புகளையும் நினைத்து அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

"ஒரு மாத்திரை இருக்கு. ஆனா அது கல்லீரலைக் கொஞ்சம் படுத்தும். அதனால முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, வயித்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

ஸ்கேன் அறையில் இருந்தவர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் திரை.

"குடிப்பீங்களா?"

"இல்ல."

"எப்பவாவது?"

"எப்பவுமே இல்ல."

"சரி. எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை என்று அறிக்கை வந்தது. டாக்டரை மறுபடி பார்க்க எட்டு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அந்த எட்டு நாளில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

அதற்கு முன் அந்தப் பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர்ப்பலகையில் இருப்பது மாஸ்டருடைய அத்தானின் பெயர். ஆள்வது மாஸ்டரின் அக்கா. வாசலுக்கு நேரே ஒரு மேசை, அதன் பின்னால் அக்கா, அக்காவின் தலைக்கு மேல் சாவிகள் மாட்டும் பலகை. சாவி வேண்டுமென்றால் அக்காவைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். தினமும் காலையில் பயிற்சியாளர்கள் அனைவரும் மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவியில் ஊத வேண்டும். அதில் பூஜ்யம் வர வேண்டும். அந்தப் பூஜ்யத்தைச் செல்பேசியில் படம் எடுத்துப் பள்ளியின் குழுவில் போட வேண்டும். பிறகுதான் சாவி. தம்பிக்கும் இதே சட்டம்தான். ஒன்பது வருடங்களில் அவர் போட்ட பூஜ்யங்களை வரிசையாக அடுக்கினால் அது ஒரு பெரிய எண்ணாக இருக்கும், முன்னால் ஒரு ஒன்று மட்டும் இருந்திருந்தால்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் அவர்களுடைய அப்பா. பேருந்து ஓட்டுநர். ஐம்பத்தோரு வயதில் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி இறந்தார். கல்லீரல் எதனால் கெடும் என்பது தெருவுக்கே தெரியும். பணிமனையில் அவரை வண்டியிலிருந்து இறக்கி வாசல் காவலில் உட்கார வைத்தார்கள். மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார். தான் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது அக்காவுக்கு வயது பத்தொன்பது. வேலை முடிந்து அப்பா வரும்போது கதவைத் திறந்துவிடுகிற சாக்கில் தினமும் மூச்சை மோந்து பார்ப்பாள். ஒரு நாளும் வாசனை வந்ததில்லை. அதிலிருந்து அக்கா கண்டுகொண்டது, வாசனையே வராமல் குடிக்கத் தெரிந்தவர் அப்பா என்பதுதான்.

இப்போது மாஸ்டர் செய்த தவறு. ஸ்கேன் அறிக்கை கையில் கிடைத்ததும், மனைவிக்கு அனுப்ப அதைப் படம் எடுத்து வைத்திருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கருவியில் ஊதினார், பூஜ்யத்தைப் படம் எடுத்தார். கண்ணாடி சட்டைப்பையில் தூரிகையோடு சிக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில்லாமல் பார்த்தால் இரண்டு படங்களும் வெள்ளைச் சதுரங்கள். பூஜ்யம் மனைவிக்குப் போனது. கல்லீரல் பள்ளியின் குழுவுக்குப் போனது.

மனைவியிடமிருந்து பதில் உடனே வந்தது: "சந்தோஷம். ஆனா எனக்கு எதுக்கு?"

குழுவிலிருந்து பதில் வரவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்து அக்கா எழுந்தாள்.

"டேய். இங்க வா."

"என்னக்கா?"

"இது என்ன?"

செல்பேசியைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"அது டாக்டர் எடுக்கச் சொன்னாங்க. தோலுக்காக."

"தோலுக்கு யாராவது கல்லீரலைப் பார்ப்பாங்களா? கால் வலிக்குதுன்னா காதைப் பார்ப்பாங்களா?"

"அக்கா, நான் குடிக்கறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"அப்பாவும் இதையேதான் சொன்னார். இதே மூஞ்சியை வெச்சுக்கிட்டு." அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சின்ன வயசிலிருந்தே சொல்லிட்டிருக்கேன். இப்ப டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாங்க."

சாவி கிடைக்கவில்லை. கல்லீரல் விஷயம் தெளிவாகும்வரை மாஸ்டர் வண்டியில் ஏறக் கூடாது, உள்ளே உட்கார்ந்து சாலைக் குறியீடுகள் வகுப்பு எடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அத்தான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

"மாப்ளே, உங்க அக்கா சொன்னா அது சரியாத்தான் இருக்கும். தப்பா இருந்தாலும் சரியாத்தான் இருக்கும்."

பூஜ்யத்தின் மேல் கட்டப்பட்ட நீதி இப்படித்தான் முடியும். ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டிவிடலாம். இல்லை என்பதைக் காட்ட எந்தக் கருவியும் கிடையாது. ஊதிய அந்த நொடியில் இல்லை என்று மட்டும்தான் பூஜ்யம் சொல்லும். மற்ற நொடிகளுக்கு மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆக வேண்டும், அக்கா அதற்குப் பழகியிருக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். அக்கா ஏற்கெனவே தொலைபேசியில் பேசியிருந்தாள். மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. லீவு கேட்டு வரும் காய்ச்சல் சான்றிதழ்களைப் படித்துப் படித்து, எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்.

"நீங்க குடிக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றார்.

"பின்ன ஏன் அலமாரியைத் தேடறே?"

"தெரிஞ்சது சரியான்னு பார்க்கறேன்."

பழைய ஹெல்மெட்டுக்குப் பின்னால் மனைவியின் கை எதிலோ பட்டது. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வந்தவை ஏழு இனிப்புப் பெட்டிகள். நான்கு காலி, இரண்டு பாதி, ஒன்று பிரிக்காதது.

"என்ன இது?"

"ஓட்டுநர் தேர்வுல பாஸானவங்க கொடுத்தது. வாங்கலேன்னா வருத்தப்படுவாங்க."

"வாங்குங்க. வேணாம்னு யார் சொன்னா? வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில வைக்கறதுதானே? ஹெல்மெட்டுக்குப் பின்னாடி என்ன வேலை?"

"நீ சாப்பிட விட மாட்டே."

"இருபத்து நாலு வருஷத்துல எத்தனை பேர் பாஸாகியிருப்பாங்க?"

மாஸ்டர் பெருமையாகத் தலையை நிமிர்த்தினார். "ரெண்டாயிரத்துக்குக் குறையாது."

சொன்ன பிறகுதான் அது பெருமைப்பட வேண்டிய இடமல்ல என்று புரிந்தது. மனைவி பெட்டிகளையும் பார்த்தார், அவருடைய வயிற்றையும் பார்த்தார். அன்றிலிருந்து தேநீரில் சர்க்கரை நின்றது. அதுவரை நாளுக்கு எட்டுத் தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி.

அக்கா விசாரணையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கருவியோடு வாசலில் நின்றாள். பூஜ்யம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவுடன் நீட்டினாள். பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, சோப்பு போட்டுட்டிருக்கேன்!"

"கதவை ஒரு இஞ்ச் திற. வாய் வெளியில வந்தாப் போதும்."

ஐந்து நாட்களில் பதினொரு பூஜ்யம். அக்கா யோசித்தாள். குற்றவாளி இருக்கிறான், குற்றம் தெரியவில்லை என்றால் கருவியில்தான் கோளாறு இருக்க வேண்டும். மேசைக்கு முன்னால் பயிற்சியாளர்கள் எல்லோரும் நிற்கையில் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள்.

"நீங்க வாங்க. ஊதுங்க" என்றாள் அத்தானிடம்.

"நான் எதுக்கு? நான் முதலாளியாச்சே."

"மெஷினைத்தான் பார்க்கறோம். உங்களை இல்ல."

அத்தான் ஊதினார். கருவி மூன்று தடவை கூவி, சிவப்பு விளக்கைக் காட்டியது. அதன் ஒன்பது வருட வாழ்க்கையில் அது கூவியது அதுவே முதல் தடவை. கூவத் தெரிந்த கருவி என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

"வாய் கொப்புளிக்கற மருந்து" என்றார் அத்தான். "பல் வலின்னு சொன்னேனே. இப்பத்தான் கொப்புளிச்சேன்." உடனே ஓடிப்போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைத்தார்கள், பூஜ்யம் வந்தது. அத்தான் தப்பித்தார். ஆனால் அந்தக் கால் மணி நேரம் அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய பல் வலி தானாகவே போய்விட்டது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று அறிவித்த அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "அப்ப நீதான் இந்த அஞ்சு நாளா நிறுத்தி வெச்சிருக்கே."

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு.

மற்றபடி அவர் சிரிக்கும் நிலையில் இல்லை. எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட பின்னறையில் தினமும் நான்கு வகுப்பு. ஒரு வழிப் பாதை, வளைவு, பள்ளிக்கூடம் என்று குறியீடுகளை வரைந்து காட்ட வேண்டும். அவருக்குக் கை அசைந்தால் செதில் உதிரும், கரும்பலகைப் பொடி இப்போதாவது உண்மையான சாக்குத்தான். ஆனால் வரைவதற்கு எந்தக் குறியீட்டை ஆரம்பித்தாலும் அது 'நில்' என்பதில்தான் போய் முடிந்தது. முன்வரிசையில் நர்ஸ் உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க எப்ப வண்டிக்கு வருவீங்க?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"பெரியவர்கூடப் போக எனக்குப் பயமா இருக்கு. நேத்து லாரி வருதுன்னு நான் சொல்றேன், அவர் என்கிட்டயே 'அப்ப என்ன பண்ணலாம்'னு கேட்கறார்."

பெரியவர் என்று அவர் சொன்னது அத்தானை. தம்பியின் இருக்கையில் இப்போது அவர்தான். நான்காம் நாள் வண்டி திரும்பி வந்தபோது அதன் முன்பக்கம் ஒரு குப்பைத் தொட்டியின் வட்ட மூடி அச்சாகப் பதிந்திருந்தது. மாஸ்டர் வாசலில் வந்து நின்று அந்த வட்டத்தை வெகு நேரம் பார்த்தார். அதைத் தடவிக்கூடப் பார்த்தார். மனிதர்கள் எதை இழந்தபோது உண்மையில் தவிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவருக்கு அது ஒரு பிரேக் மிதி. கூடவே இன்னொன்றும் இருந்தது, அதை மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"வண்டி போனாப் போகட்டும். வேற ஸ்கூல்ல கேட்டா தருவாங்க. அக்கா என்னைப் பொய் சொல்றவன்னு நினைக்கறா பாரு. அதை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் உட்கார?"

எட்டாம் நாள் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டபோது அக்காவும் கிளம்பினாள். எத்தனை வருடமாகக் குடிக்கிறான் என்பதை டாக்டர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

டாக்டர் அறிக்கையைப் படித்தார். "எதிர்பார்த்ததுதான்" என்றார்.

"பார்த்தியா?" என்றாள் அக்கா.

"நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்லம்மா. சொரியாசிஸ் இருக்கறவங்ககிட்ட கல்லீரல்ல கொழுப்பும் இருக்கறது, மத்தவங்களைவிட ஜாஸ்தி. குடிக்காதவங்ககிட்டயும்."

"தோலுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். வேகமாகப் பேசுபவர் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"வெளியில தெரியறதுதான் தோல். விஷயம் உள்ள இருக்கு. நம்ம உடம்புல கிருமி வந்தா சண்டை போடறதுக்குன்னு ஒரு படை இருக்கு. இவருக்கு அந்தப் படை காரணமே இல்லாம கோபப்படுது. எதிரியே இல்லாத இடத்துல சண்டை. தோல்ல அது செதிலா தெரியுது. அந்தக் கோபம் தோலோட நிக்கறதில்ல, ரத்தத்துல ஓடுது, கல்லீரலுக்கும் போகுது. இன்னொண்ணு. உடம்பு எப்பக் கோபப்படணும், எவ்வளவு கோபப்படணும்னு சொல்ற ஜீன்கள் இருக்கு. கொழுப்பை எங்க சேர்த்து வைக்கணும்னு சொல்ற ஜீன்களும் இருக்கு. ரெண்டு வியாதிக்கும் பொதுவா சில ஜீன்கள் இருக்கலாம்னு இப்ப ஆராய்ச்சியில பேசறாங்க. முழுசாத் தெரியல. ஜீன் இருந்தா வந்தே தீரும்னு இல்ல. தரை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கற மாதிரி. மேல சர்க்கரையை உருட்டிவிட்டா சீக்கிரம் உருளும்."

மாஸ்டர் சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டுக் காலை அழுத்தினார். பிறகு கேட்டார்: "அதாவது டாக்டர், கோளாறு என்ஜின்ல இல்ல, வயரிங்ல. அதனாலதான் ஹாரனும் தானா அடிக்குது, விளக்கும் தானா எரியுது. ரெண்டையும் தனித்தனியா ரிப்பேர் பண்ணிட்டு இருந்திருக்கோம்."

"கிட்டத்தட்ட அதுதான்" என்றார் டாக்டர். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை ஒரே தடவையில் சரியாக விளக்கியது அதுதான் என்று நினைக்கிறேன்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது தோல்ல இப்படி இருந்ததா?"

"யாருக்கும் இல்ல" என்றாள் அக்கா. "எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது."

டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"அப்பாவுக்குத் தலையில இருந்தது" என்றாள் அக்கா. யாரும் அவளை மறுபடி கேட்கவில்லை. "பொடுகுன்னு சொல்வோம். எண்ணெய் தேய்ச்சாலும் போகாது. முழங்கையிலயும் இருந்தது. ஜன்னல்ல கையை வெச்சு ஓட்டி ஓட்டிக் காய்ச்சுப் போச்சுன்னு சொல்வார்." தம்பியின் சட்டைக்கையைப் பார்த்தாள். "வெள்ளையா உதிரும். காக்கிச் சட்டையில. நான்தான் துவைப்பேன்."



"அவர் கல்லீரல்லதான் போனார், டாக்டர்" என்றார் மாஸ்டர்.

டாக்டர் பேனாவை வைத்தார். "நான் பார்க்காத ஒருத்தரைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது. அவர் குடிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. குடிக்காமலும் அப்படி ஆகும். அவ்வளவுதான் சொல்ல முடியும்." பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்கம்மா. கூடப் பிறந்தவங்க பார்த்துக்கறது நல்லது. தோல்ல ஒண்ணும் இல்லாமலே உள்ள இருக்கலாம்."

"எனக்கா?" அக்கா நிமிர்ந்தாள். "எடுங்க. இப்பவே எடுங்க. எங்க ரத்தம் சுத்தம்னு ஒருத்தராவது காட்டணும்ல."

அதே அறை, அதே ஆள், அதே குளிர்ந்த பசை. அவர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வெளியே நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

"அம்மா, குடிப்பீங்களா?"

அக்காவின் வாழ்க்கையில் எவரும் அவளிடம் கேட்டிராத கேள்வி அது. அந்த ஆஸ்பத்திரியின் அந்த மாடியில் இருந்த அனைவருக்கும் பதில் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேட்கறதுதான்" என்றார் அவர், சமாதானமாக. "எப்பவாவது? விசேஷத்துக்கு?"

"என் மூச்சை மோந்து பாரு! பாருய்யா! ஊதட்டுமா?"

"அதெல்லாம் வேணாம்மா. குடிக்கறதில்லன்னா சரி." அவர் எழுதிக்கொண்டார். எழுதுகிறவருடைய முகத்தில் இருந்த மரியாதையான அவநம்பிக்கையை அக்கா பார்த்தாள். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கதவைத் திறந்துவிட்டு நின்ற பெண்ணின் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அறிக்கையில் இரண்டாம் நிலை. தம்பியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அறிக்கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவளுக்கு இது எப்படிப்பட்ட இக்கட்டு என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டவன் குடிகாரன் என்றால் அவளும் குடிகாரி. அவள் குடித்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்பதைத் தவிர அவளிடம் வேறு சாட்சி இல்லை, தம்பியிடமும் அது ஒன்றுதான் இருந்தது. அப்பாவிடமும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளியின் குழுவில் அக்கா தன்னுடைய அறிக்கையைப் போட்டாள். தவறுதலாக அல்ல. கீழே இப்படி எழுதியிருந்தாள்: "இது என்னுடையது. நான் குடிப்பதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து கேட்கலாம்." எவரும் போகவில்லை. அத்தான் மட்டும் கை கூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆனால் தம்பியிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சாவி பலகையிலேயே தொங்கியது. மாஸ்டர் பின்னறைக்குப் போய் 'நில்' வரைந்தார். கேட்டுவிடலாம் என்று மனைவி சொன்னதற்கு, "கேட்டு வாங்கினா அது சாவி மட்டும்தான்" என்று பதில் சொன்னார். அவரைப் பாராட்டுவது என்றால் இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பாராட்டலாம்.

டாக்டர் முதலில் சொன்ன மாத்திரையை விட்டு வேறொன்றை எழுதியிருந்தார். இரண்டு பேருக்கும் எடை குறைய வேண்டும், சர்க்கரை குறைய வேண்டும், தினமும் நாற்பது நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். அக்கா தனியாக நடக்க மாட்டாள், தெருவில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. எனவே விடிந்ததும் அக்காவும் தம்பியும் தேர்வு மைதானத்தில் நடக்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் தேர்வுக்காகத் தரையில் பெரிய எட்டு வரைந்திருக்கும் இடம் அது. இருவரும் அந்த எட்டின் மேலேயே நடந்தார்கள். அக்கா முன்னால், தம்பி இரண்டடி பின்னால்.

முதல் நாள் பேச்சே இல்லை. இரண்டாம் நாள், "வேகமாத்தான் நடவேன்" என்றாள். மூன்றாம் நாள் அரைக் கை சட்டையில் வந்திருந்தார் மாஸ்டர், டாக்டர் கொஞ்சம் வெயில் படட்டும் என்றதால். முழங்கைகள் சிவப்பாகத் தெரிந்தன. அக்கா அவற்றை ஒரு சுற்று முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிறகு ஓரத்தில் இருந்த சிமென்ட் மேடையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, மூச்சு வாங்குதா?"

"உட்காரு."

உட்கார்ந்தார்.

"அம்மா அவரோட பேசல. நானும் பேசல. நீ பேசினியா?"

"நான் சின்னவன்தானே. பேசினேன். பணிமனை வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன்ல."

"என்ன சொல்வார்?"

"பஸ் பத்திச் சொல்வார். எந்த பஸ்ல எந்த கியர் விழாதுன்னு."

"குடிச்சது பத்தி?"

"குடிக்கலேன்னு சொன்னார். ஒரே ஒரு தடவை."

"நீ நம்பினியா?"

மாஸ்டர் யோசித்தார். "நம்பினேன். ஏன்னு கேட்டா தெரியாது. அவர் சொன்னார், நம்பினேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான் என்று காட்டுவதற்காகக் கழுத்தையும் துடைத்தாள்.

"நான் தினமும் கதவைத் திறந்துவிடுவேன்டா" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கும், எதுக்குத் திறக்கறேன்னு. கிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் நிப்பார். வாயைத் திறந்து மூச்சு விட்டுட்டுத்தான் உள்ள போவார். எனக்காக."

  அப்பா குடித்தாரா இல்லையா என்று இனி எந்த ஸ்கேனிலும் தெரியப்போவதில்லை. டாக்டரே தெரியாது என்றுதான் சொன்னார். இத்தனை தாமதமாக நம்புவது என்றால், தெரியாமலே நம்ப வேண்டியதுதான்.

"நீ குடிக்கறதில்ல" என்றாள் அக்கா.

அது கேள்வியா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை.

"ஏழரைக்கு அந்த நர்ஸ் பொண்ணு வருது. வண்டியை நீயே எடு. உங்க அத்தான் இன்னொரு தொட்டியை இடிச்சா தெருவுல குப்பை போட இடமிருக்காது."

"சரிக்கா."

"இனிப்பு யாராவது கொடுத்தா?"

"வாங்கி உங்கிட்ட கொடுத்துடறேன்."

"எங்கிட்ட எதுக்குடா? நானும் அதே கேஸ்தானே?" எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "சரி, எழுந்திரு. நட."

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, நாற்பது நிமிஷம் ஆயிடுச்சு."

"உட்கார்ந்து பேசினதெல்லாம் நடையில சேராது. வா."